பழைய ஆஸிலோஸ்கோப்பில் ட்யூப் போனால்: எல்சிடியா, மாற்று ட்யூபா, புதிய கருவியா?

வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத்துப் பாலிடெக்னிக் ஆய்வகங்களிலும், சிப்காட் ஆலைகளின் பராமரிப்புப் பிரிவுகளிலும், ஆம்பூர் வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழிற்சாலைகளின் மோட்டார் டிரைவ் போர்டுகளைப் பழுதுபார்க்கும் சிறு பட்டறைகளிலும் இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, மின்சிக்னலின் அலைவடிவத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப்புகள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றின் திரை இருண்டுபோனால் ஆய்வக உதவியாளர் முதலில் கேட்பது, "சார், இதுல ஒரு எல்சிடி போட்டுட முடியாதா?" என்பதுதான். கேள்வியில் தவறில்லை. ஆனால் எல்லா ஸ்கோப்புக்கும் பொருந்துகிற ஒரே விடை அதற்கு இல்லை. ஏனெனில் சில ஸ்கோப்புகளில், படம் காட்டும் கண்ணாடிக் குழாயான ட்யூப் வெறும் திரை. வேறு சிலவற்றில் அளவிடும் உறுப்பே ட்யூப்தான். முன்னதில் எல்சிடி பொருத்துவது நல்ல முடிவு. பின்னதில் அது பழுதுபார்த்தலே அன்று, பழைய பெட்டிக்குள் புதிதாக ஒரு கருவியைக் கட்டுவதாகும்.

கல்லூரிகளில் சிஆர்ஓ என்று அழைக்கப்படும் 20 அல்லது 30 மெகாஹெர்ட்ஸ் அனலாக் ஸ்கோப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். அதில் உள்ளே வரும் சிக்னல், அதைத் தேவையான அளவுக்குக் குறைக்கும் அட்டெனுவேட்டரையும் பெருக்கியையும் கடந்து, நேராக ட்யூபின் கழுத்துக்குள் இருக்கும் செங்குத்துத் தகடுகளுக்குப் போகிறது. அந்தத் தகடுகளின் மின்னழுத்தம் எலக்ட்ரான் கற்றையை மேலும் கீழும் இழுக்க, நேர அச்சை உண்டாக்கும் டைம் பேஸ் பகுதி தரும் சாய்வலை அதைக் கிடைமட்டத் தகடுகளால் இடமிருந்து வலமாக நகர்த்துகிறது. சிக்னலை எண்ணாக மாற்றும் பகுதி எதுவும் இதில் கிடையாது. படம் என்று தனியாக ஒன்று எந்த ஒயரிலும் ஓடுவதில்லை. கண்ணாடியில் கோடிட்டிருக்கும் 8 கட்டம் உயரமும் 10 கட்டம் அகலமும் கொண்ட அளவுச்சட்டத்தின் மீது கற்றை எவ்வளவு விலகுகிறதோ அதுவே அளவீடு. ஆகவே எல்சிடிக்குக் கொடுப்பதற்கு இந்தக் கருவியிடம் வீடியோ சிக்னல் ஒன்றும் இல்லை.

1990-களில் பரவிய டிஜிட்டல் ஸ்டோரேஜ் ஸ்கோப்புகள் பலவற்றில் நிலைமை வேறு. டெக்ட்ரானிக்ஸ் டிடிஎஸ் 500, 600, 700 வரிசைகள், ஹியூலெட் பக்கார்டின் (எச்பி) 54600 வரிசை ஆகியவற்றில் சிக்னல் உள்ளேயே எண்ணாக மாற்றப்பட்டு நினைவகத்தில் சேர்கிறது. செயலி அதிலிருந்து ஒரு படத்தை வரைந்து, கணினி மானிட்டருக்கு அனுப்புவதைப் போல வரிவரியாக ட்யூபுக்கு அனுப்புகிறது. அலைவடிவம் மட்டுமன்றி, அளவுச்சட்டமும் மெனு எழுத்துகளும் அந்தப் படத்தின் பகுதிகளே. எல்சிடி மாற்றத்தை நான் மனமார ஆதரிப்பதற்கு இந்தக் கடைசிச் செய்திதான் காரணம். புதிய திரை படத்தைச் சற்றே நீட்டினாலும் குறுக்கினாலும் அலையும் சட்டமும் சேர்ந்தே நீளும், சேர்ந்தே குறுகும். ஆகையால் கட்டங்களை எண்ணிச் சொல்லும் அளவு மாறாது.

கையிலிருக்கும் கருவி எந்த வகை என்பதை மூடியைத் திறந்ததும் கண்டுகொள்ளலாம். ட்யூப் நீளமாக, கருவியின் ஆழம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, மியூ மெட்டல் என்னும் காந்தத் தடுப்பு உறைக்குள் கிடந்தால் அது தகடுகளால் விலக்கும் ட்யூப். குட்டையாக, பழைய போர்ட்டபிள் டிவியில் இருப்பதைப் போலக் கழுத்தில் செம்புச் சுருள் மாட்டியிருந்தால் அது வரிவரியாகப் படம் வரையும் ட்யூப். ஒரே ஓர் எச்சரிக்கை: ஸ்டோரேஜ் வசதி இருப்பதாலேயே ஒரு ஸ்கோப் இரண்டாம் வகையாகிவிடாது. டெக்ட்ரானிக்ஸ் 2230, 2430 போன்றவை டிஜிட்டலாகச் சேமித்தாலும் தகடு ட்யூபிலேயே கோடு வரைகின்றன. அவற்றைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

எந்த மாற்றத்துக்கும் பணம் ஒதுக்குவதற்கு முன் ட்யூப்தான் போயிருக்கிறதா என்பதை உறுதிசெய்ய வேண்டும். திரை இருண்டிருப்பது ட்யூப் இறந்ததற்குச் சான்றாகாது. டிவி பழுதுபார்த்துப் பழகிய கைகளுக்கு இது தெரிந்த பாடமே என்றாலும், ஆஸிலோஸ்கோப்பில் ஏமாற்றும் இடங்கள் சில கூடுதலாக உண்டு. கழுத்தின் பின்புறம் ஹீட்டரின் செந்நிற ஒளி தெரிகிறதா என்பது முதல் கேள்வி. பெரும்பாலான ட்யூப்களில் ஹீட்டர் 6.3 வோல்ட்டில் எரிவது. ஆனால் 20 மெகாஹெர்ட்ஸ் வகைக் கருவிகளில் எலக்ட்ரானை உமிழும் கேத்தோடு ஏறக்குறைய மைனஸ் 2000 வோல்ட்டில் இருப்பதால், ஹீட்டர் ஒயரும் அதே அழுத்தத்திலேயே மிதக்கும். 6.3 வோல்ட்தானே என்று சாதாரண மீட்டரின் முனையைக் கருவி ஓடும்போது அங்கே வைப்பவரின் உயிருக்கே ஆபத்து. கருவியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, உயரழுத்தக் கப்பாசிட்டர்கள் இறங்கிவிட்டதை உறுதிசெய்துகொண்டு, ட்யூப் சாக்கெட்டைக் கழற்றி ஹீட்டர் ஊசிகளுக்கிடையே மின்தடையை அளப்பதே சரியான வழி. சில ஓம் காட்டினால் ஹீட்டர் உயிரோடிருக்கிறது. முடிவின்றிக் காட்டினால் ட்யூப் முடிந்தது. அதற்கு மேல் சோதிக்க வேண்டியதில்லை.

ஹீட்டர் எரிந்தும் ஒளிக்கோடு வரவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் ட்யூபுக்கு வெளியே இருப்பார். உயரழுத்தம் உற்பத்தி செய்யும் டிரான்ஸ்ஃபார்மரோ மல்டிபிளையரோ போயிருக்கலாம்; கற்றையை ஏற்றி அணைக்கும் இசட் பெருக்கி கற்றையை அணைத்த நிலையிலேயே நின்றிருக்கலாம்; தகடுகளை இயக்கும் பெருக்கியில் ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிக் கற்றை திரைக்கு வெளியே தள்ளப்பட்டிருக்கலாம். கடைசியானதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்றுண்டு. கருவி அணைந்திருக்கும்போது இரு செங்குத்துத் தகடுகளையும் தற்காலிகமாக ஒன்றோடொன்று இணைத்துவிட்டு, டைம் பேஸ் ஓடாத எக்ஸ்-ஒய் நிலையில் ஒளியைக் குறைவாக வைத்து ஓட்டினால், இரண்டு தகடும் ஒரே அழுத்தத்தில் இருப்பதால் புள்ளி திரையின் நடு உயரத்துக்கு வந்தாக வேண்டும். வந்துவிட்டால் ட்யூப் நலமாக இருக்கிறது, பழுது பெருக்கியில். இதைச் செய்து பார்க்காமலே ட்யூப் போய்விட்டது என்று ஓரங்கட்டிய ஸ்கோப்புகள் ஆய்வக அலமாரிகளில் எத்தனையோ தூங்குகின்றன.

எமிஷன், அதாவது எலக்ட்ரான் உமிழும் திறன், குறைந்த ட்யூபுக்கு அடையாளம் வேறு. போட்டவுடன் மங்கலாகத் தொடங்கி, சூடேறச் சூடேறக் கால் மணி நேரத்தில் ஓரளவு தெளியும். ஒளியைக் கூட்டினால் கோடு தடித்து ஃபோகஸ் கலையும். ஹீட்டர் அழுத்தத்தைச் சற்றே உயர்த்தி இன்னும் சில காலம் ஓட்டுவோர் உண்டு. அது தள்ளிப்போடும் வழியே தவிரத் தீர்வன்று. திரையில் ஒரே இடத்தில் பாஸ்பர் என்னும் ஒளிரும் பூச்சு கருகியிருந்தால் அதைப் பழுதென்றே சொல்ல வேண்டாம். பொசிஷன் குமிழைத் திருப்பிப் பக்கத்து இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ட்யூப்தான் போயிருக்கிறது என்பது உறுதியானபின், அனலாக் கருவியில் நடைமுறையில் இரண்டு வழிகளே எஞ்சுகின்றன: இன்னொரு ட்யூப், அல்லது புதிய டிஜிட்டல் ஸ்கோப். எல்சிடியை நான் இந்தப் பட்டியலில் சேர்க்காததற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். 20 மெகாஹெர்ட்ஸ் அலையை எல்சிடியில் நம்பத்தக்க வடிவில் காட்ட வினாடிக்கு 10 கோடி முதல் 20 கோடி முறை அதை அளந்து எண்ணாக்க வேண்டும்; அந்த எண்களைச் சேர்க்க வேகமான நினைவகமும், சரியான இடத்தில் நிறுத்த டிரிகரும், படமாக வரையச் செயலியும் வேண்டும். இவ்வளவையும் செய்து முடித்தால் பழைய கருவியிலிருந்து பயன்படுவது முன்பக்க அட்டெனுவேட்டரும் குமிழ்களும் மட்டுமே. அதே உழைப்பின் பலன் கடையில் ஒரு தொடக்கநிலை டிஜிட்டல் ஸ்கோப்பாக, உத்தரவாதத்தோடு, இருபதாயிரம் ரூபாய்ச் சுற்றளவிலேயே கிடைக்கிறது. சிக்னலை நூறு மடங்கு மெதுவாக எடுத்துக்கொள்ளும் மலிவான மைக்ரோகன்ட்ரோலர் பலகையைச் செருகி "எல்சிடி ஆக்கிவிட்டேன்" என்று காட்டும் மாற்றங்களை மாணவர் செயல்திட்டமாகப் பாராட்டலாம். அளவிடும் கருவியாக மேசையில் வைக்கக்கூடாது. 20 மெகாஹெர்ட்ஸ் என்று முகப்பில் எழுதியிருக்க, ஒரு மெகாஹெர்ட்ஸ் அலையையே பொய்யான வடிவில் காட்டும் கருவி, கருவி இல்லாமலிருப்பதை விட மோசமானது.

மாற்று ட்யூப் என்றால் பெரும்பாலும் இன்னொரு இறந்த ஸ்கோப்பிலிருந்து எடுப்பதுதான். கல்லூரி ஏலங்களில் ஒரே மாதிரியில் பல சிஆர்ஓக்கள் ஒன்றாக வெளியேறுவதால் நம் ஊரில் இது எளிதே. காட்பாடியில் காலை ரயில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை ரிச்சி தெரு, மறுபக்கம் பெங்களூரு எஸ்.பி. சாலை, இரண்டுமே மாலைக்குள் திரும்பிவிடும் தொலைவுதான். ஆனால் ட்யூபின் எண் ஒத்துப்போக வேண்டும். ஐரோப்பியக் குறியீட்டில் டி14 என்று தொடங்கினால் ஒற்றைக் கற்றை ஆஸிலோஸ்கோப் ட்யூப், திரையின் மூலைவிட்டம் 14 சென்டிமீட்டர் என்று பொருள். அதற்குப் பின்வரும் எண்ணே உள்ளமைப்பைச் சொல்கிறது. அளவு ஒன்றாயிருந்து எண் வேறானால், ஒரு கட்டம் விலக்கத் தேவைப்படும் வோல்ட்டும், முடுக்க அழுத்தமும், சாக்கெட் இணைப்பும் மாறக்கூடும். 100 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கருவிகளில் முடுக்க அழுத்தம் 10 முதல் 20 கிலோவோல்ட் வரை போவதும், தகடு ஊசிகள் கண்ணாடியின் பக்கவாட்டிலேயே வெளிவருவதும் உண்டு. அங்கே தோராயமாகப் பொருந்துவது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒத்த ட்யூபே கிடைத்தாலும் செங்குத்துப் பெருக்கம், கிடைமட்டப் பெருக்கம், அஸ்டிக்மாட்டிஸம் (புள்ளியின் வட்ட வடிவம்), கோட்டின் சாய்வு ஆகியவற்றை மீண்டும் சரிசெய்தால்தான் வேலை முடியும்.

இனி, எல்சிடிக்கு உண்மையில் தகுதியுள்ள இரண்டாம் வகைக்கு வருவோம். அங்கேயும் பேனல் வாங்க ஓடுவதற்கு முன் கருவியின் பின்பக்கத்தைப் பாருங்கள். டிடிஎஸ் வரிசையின் பல மாதிரிகளில் விஜிஏ வெளியீடு இருக்கிறது. அலுவலகத்தில் ஓய்வுபெற்ற சதுரத் திரை மானிட்டர் ஒன்றை அதில் மாட்டினால் செலவின்றிப் படம் வந்துவிடும். படம் வந்தால் உள்ளே வீடியோப் பகுதி நலம், ட்யூபோ அதை இயக்கும் போர்டோதான் பழுது என்ற செய்தியும் உடன் கிடைக்கிறது. ஆய்வக வகுப்புக்கு இந்த ஏற்பாடே சிறந்தது என்பது என் கருத்து: பதினைந்து மாணவர்கள் 7 அங்குலத் திரையை எட்டிப் பார்ப்பதைக் காட்டிலும் 17 அங்குல மானிட்டரில் எல்லோரும் ஒருசேரப் பார்க்கலாம். பட்டறை மேசையில் இடம் குறைவு, கருவியை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போக வேண்டும் என்றால் மட்டுமே உள்ளே பேனல் பொருத்துவதில் பொருள் உண்டு.

இந்த வரிசையின் வண்ண மாதிரிகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டிடிஎஸ் 544ஏ போன்றவற்றில் ட்யூப் உண்மையில் ஒரே நிறத்தது. அதன் முன்னே நிற்கும் திரவப் படிக ஷட்டர் சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறித் திறந்து நிறத்தை உண்டாக்குகிறது. ட்யூபுக்குப் போகும் ஒயரிலிருந்து சிக்னலை எடுத்தால் மூன்று நிறப் படங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஒயரில்தான் வரும். சாதாரண எல்சிடி போர்டுக்கு அது புரியாது. அங்கே விஜிஏ வெளியீட்டிலிருந்தே எடுக்க வேண்டும்.

விஜிஏ வெளியீடு இல்லாத கருவியில் ட்யூப் போர்டுக்குப் போகும் கேபிளில் கிடைமட்ட சிங்க் (ஒவ்வொரு வரியின் தொடக்கத்தைக் குறிப்பது), செங்குத்து சிங்க் (ஒவ்வொரு படத்தின் தொடக்கத்தைக் குறிப்பது), வீடியோ ஆகிய மூன்றையும் இன்னொரு ஸ்கோப் கொண்டு தேடிப் பிடித்து, அவற்றின் அளவையும் அதிர்வெண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். விஜிஏ என்றால் 640-க்கு 480 புள்ளிகள், கிடைமட்டம் 31.5 கிலோஹெர்ட்ஸ், செங்குத்து 60 ஹெர்ட்ஸ், வீடியோ 75 ஓமில் 0.7 வோல்ட். கருவிக்குள் ஓடுவது பெரும்பாலும் இந்த அளவில் இருக்காது. வீடியோ 5 வோல்ட் லாஜிக் அளவில் வந்தால் மின்தடைப் பிரிப்பானால் குறைக்க வேண்டும். அரை ஒளி, முழு ஒளி என்று இரண்டு ஒயரில் வந்தால் அவற்றைத் தக்க விகிதத்தில் கலக்க வேண்டும், இல்லையேல் அலைக்கோடும் அளவுச்சட்டமும் ஒரே பிரகாசத்தில் வந்து கண்ணை அயர்த்தும். அதிர்வெண் பொருந்தாதபோது ஆர்கேட் விளையாட்டு இயந்திரங்களுக்காக வந்த ஜிபிஎஸ் 8200 போன்ற மாற்றிப் பலகைகள் கைகொடுக்கும். அவை 15, 24, 31 கிலோஹெர்ட்ஸ் சுற்றளவிலுள்ள படங்களை விஜிஏ ஆக்கித் தருபவை. விலை குறைவுதான், ஆனால் புள்ளிக்குப் புள்ளி துல்லியம் எதிர்பார்க்க முடியாது. மெல்லிய எழுத்துகளின் ஓரம் சிறிது கலங்கும். கருவியின் புள்ளிக் கடிகாரத்தோடு இசைந்து லாஜிக் சிக்னலை நேராகப் படிக்கும் ராஸ்பெரி பை ஜீரோ அடிப்படையிலான பலகைகள் இதைவிடத் தெளிவான படம் தருகின்றன. அவற்றை அமைக்கப் பொறுமை கூடுதலாக வேண்டும்.

பேனல் தேர்வில் நீள அகல விகிதமே முதன்மையானது. சந்தையில் எளிதில் கிடைக்கும் 7 அங்குலத் திரை 800-க்கு 480 என்ற அகன்ற வடிவில் இருக்கும். ஸ்கோப்பில் திரை பொருந்தும் வாயோ ஏறத்தாழ நான்குக்கு மூன்று. அளவீடு மாறாது என்று மேலே சொன்னேன். ஆனால் மெனு? எச்பி 54600 வரிசையில் திரையின் அடியிலுள்ள ஆறு பொத்தான்களுக்கும் பெயர் திரையிலேயே எழுதி வருகிறது. படம் இடமாறி நின்றால் ஒரு பொத்தானின் பெயர் பக்கத்துப் பொத்தானின் தலைமேல் நிற்கும். எனவே வாயின் அளவை மில்லிமீட்டரில் அளந்து, நான்குக்கு மூன்று வடிவில் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கென வரும் பேனலைத் தேடுவதே நல்லது. பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் திரியாத ஐபிஎஸ் வகை கிடைத்தால் இன்னும் நன்று. ட்யூபின் முன்னே இருந்த கருநிறக் கண்ணாடியை நீக்கிவிட்டுத் தெளிந்த அக்ரிலிக் போடுங்கள். அந்தக் கருநிறக் கண்ணாடி ட்யூபுக்குத்தான் தேவை, எல்சிடியை மங்கவே வைக்கும்.

வெயிலை நம் ஊரில் கணக்கில் எடுக்காமல் இருக்க முடியாது. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். தகரக் கூரைப் பட்டறைக்குள் அதற்கும் மேல். மூடிய பெட்டிக்குள் இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி ஏறும். 50 டிகிரி வரை என்று குறிக்கப்பட்ட சாதாரண பேனல் மே மாதப் பிற்பகலில் தன் எல்லையைக் கடந்துவிடும். 70 டிகிரி வரை தாங்கும் தொழில்தரப் பேனலுக்குக் கூடுதல் விலை கொடுப்பது இங்கே வீண்செலவன்று. விசிறியைத் துடைத்து, காற்று வழியைப் பேனலின் பின்தட்டு அடைக்காமல் பார்த்துக்கொள்வதும் அதே அளவு முக்கியம்.

மின்வழங்கலிலும் இரைச்சலிலும் எத்தனை கவனம் வைத்தாலும் தகும். பழைய ட்யூப் போர்டு இழுத்த மின்சாரத்தில் சிறு பங்கே எல்சிடிக்குப் போதும். இது நல்லதுதான், ஆனால் சில எஸ்எம்பிஎஸ்களுக்கு (சுவிட்ச் முறை மின்வழங்கிகளுக்கு) குறைந்தபட்சச் சுமை இல்லாவிட்டால் அழுத்தம் நிலைகொள்ளாது. ட்யூப் போர்டைக் கழற்றியபின் எல்லா வோல்ட் வரிகளையும் அளந்து பார்க்க வேண்டும். எல்சிடிக்கு மின்சாரத்தை லாஜிக் 5 வோல்ட்டிலிருந்து திருடாமல், ட்யூப் போர்டுக்குப் போய்க்கொண்டிருந்த வரியிலிருந்தே எடுங்கள். பின்னொளிக்காக அழுத்தத்தை உயர்த்தித் தரும் பூஸ்ட் சர்க்யூட் நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸில் ஓடுவதால், அது 2 மில்லிவோல்ட் நிலையில் அளக்கும் உள்ளீட்டுப் பெருக்கிக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையமாகிவிடும். மாற்றத்துக்கு முன், உள்ளீட்டைக் குறுக்கிணைத்து மிக நுண்ணிய நிலையில் கோட்டின் தடிப்பைப் படமெடுத்து வையுங்கள். மாற்றியபின் அதே நிலையில் ஒப்பிடுங்கள். தடிப்பு கூடியிருந்தால் பேனலின் பின்புறம் தரையிணைத்த தகரத் தடுப்பும், கேபிளில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையமும், மின்வரியில் சுருளும் கப்பாசிட்டரும் சேர்ந்த வடிகட்டியும் போட்டுக் குறைத்தாக வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத எல்சிடி மாற்றத்தை, படம் எவ்வளவு அழகாயிருந்தாலும், முடிந்த வேலையாக நான் ஏற்பதில்லை.

அப்படியானால் எல்லா டிஜிட்டல் ஸ்கோப்புக்கும் எல்சிடி போடலாமா? கருவியின் மற்ற உறுப்புகள் அதற்குத் தகுதியா என்பதைப் பொறுத்தது. டிடிஎஸ் 540 நான்கு சேனல், 500 மெகாஹெர்ட்ஸ், ஒரே சேனலை ஓட்டினால் வினாடிக்கு 100 கோடி சாம்பிள் (சிக்னலை அளந்தெடுக்கும் முறைகள்). இன்றைய தொடக்கநிலைக் கருவிகள் 50 முதல் 100 மெகாஹெர்ட்ஸில் நிற்பதால், இதைக் காப்பாற்றுவது தெளிந்த லாபம். ஆனால் இந்த வரிசையின் தொடக்கக் கால போர்டுகளில் சிறு எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர்கள் கசிந்து செம்புத் தடங்களை அரிப்பது தெரிந்த நோய். பேனல் வாங்குவதற்கு முன் வெளி மானிட்டரில் சுயசோதனை முழுவதும் தேறுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். எச்பி 54600பி 100 மெகாஹெர்ட்ஸ் என்றாலும் வினாடிக்கு 2 கோடி சாம்பிள்தான் எடுக்கும். மீண்டும் மீண்டும் வரும் அலைக்கு அது போதுமானது. எஸ்எம்பிஎஸ் தொடங்கும்போதோ, டிரைவ் டிரிப் ஆகும்போதோ ஒரே முறை வந்துபோகும் மிகக் குறுகிய துடிப்பை நம்பகமாகப் பிடிக்க அதனால் முடியாது. பட்டறைக்காரருக்கு வேண்டியது அந்த ஒற்றைத் துடிப்புதான் என்பதால், அவர் எல்சிடிக்குச் செலவிடும் பணத்தைப் புதிய கருவிக்கே சேர்த்துவைக்கலாம். ஆய்வகத்துக்கோ அந்தக் குறை பெரிதன்று. அங்கே அதே 54600பி எல்சிடியோடு இன்னும் பல ஆண்டு உழைக்கும்.

டெக்ட்ரானிக்ஸ் 2230, 2430 வகை இடைப்பட்டது. சேமித்த அலையைத் தகடு ட்யூபில் வரைய எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று சிக்னல்கள் மிதமான வேகத்தில் ஓடுகின்றன; அவற்றை மைக்ரோகன்ட்ரோலரால் எண்ணாக்கி எல்சிடியில் வரைவது கோட்பாட்டளவில் இயலும். ஆனால் 2230-இல் அனலாக் நிலையும் உண்டு. எல்சிடி போட்டால் அந்தப் பாதி போய்விடும். ஆர்வமும் நேரமும் உள்ளவருக்கு நல்ல பணி; வேலைக்குக் கருவி தேவைப்படுபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாலிடெக்னிக் ஆய்வகத்தில் 20 மெகாஹெர்ட்ஸ் சிஆர்ஓ ஒன்றின் ட்யூப் போய்விட்டது, அதே மாதிரியில் இன்னும் சில ஓடிக்கொண்டிருக்கின்றன என்றால், இறந்ததன் போர்டுகளையும் ரோட்டரி சுவிட்சுகளையும் உதிரியாக வைத்துக்கொண்டு ஒரு டிஜிட்டல் ஸ்கோப் வாங்குவதே முறை. எஞ்சியவற்றை லிஸ்ஸாஜு வடிவம், ஹிஸ்டெரிசிஸ் வளையம் போன்ற எக்ஸ்-ஒய் பரிசோதனைகளுக்கு ஒதுக்குங்கள். மலிவான டிஜிட்டல் கருவிகளின் எக்ஸ்-ஒய் படம் அனலாக் ட்யூபின் தொடர்ச்சியான கோட்டுக்கு இன்னும் ஈடாகவில்லை.

கழற்றிய ட்யூபை என்ன செய்வது என்பதையும் அதே நாளில் முடிவுசெய்துவிடுங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பதால் அடிபட்டால் கண்ணாடி உட்புறமாக வெடித்துச் சிதறும்; கண்ணாடியில் ஈயம் இருக்கவும் கூடும். பழைய இரும்புக் கடைக்குப் போட்டால் மியூ மெட்டலுக்காகவும் செம்புக்காகவும் சுத்தியலால் உடைப்பார்கள். தடித்த துணியில் சுற்றி, கழுத்தில் பாரம் விழாதபடி அட்டைப் பெட்டியில் வைத்து, ஒருவரும் கைவைக்காத இடத்தில் பாதுகாத்து, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கல்லூரியின் மற்ற மின்கழிவோடு சேர்த்து ஒப்படையுங்கள். மியூ மெட்டல் உறையை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அதே மாதிரி ட்யூப் பிற்பாடு வேறொரு கருவியிலிருந்து கிடைத்தால் அது மீண்டும் தேவைப்படும்.